செரோட்டோனினும் அதன் வாங்கிகளும்: மூளையின் இரசாயனவியல் பற்றிய சில சிந்தனைகள்

மனச்சோர்வுக்குக் காரணம் மூளையிற் செரோட்டோனின் என்னும் பதார்த்தம் குறைவுபடுதலே என்ற கூற்று, 1980களின் இறுதி தொடக்கம் உலகெங்கும் பரவிப் பொது அறிவோடு கலந்துவிட்ட ஒன்றாகும். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் எவ்வாறோ அவ்வாறே துயருற்றவருக்குச் செரோட்டோனின் என்பது இக்கூற்றின் சாரம். அது எளிமையானது, மருத்துவர் ஒருவர் தம்முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் எடுத்துரைக்கக்கூடியது, நோயுற்றவர் மீது பழி சுமத்தாதது. இவ்வியல்புகள் யாவும் அதன் பரவலுக்குத் துணைபுரிந்தன. ஆயின் இப்பதார்த்தத்தை மூளையில் எதிர்கொள்ளும் வாங்கிகளின் உயிரியலைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு, 'செரோட்டோனின் எவ்வளவு இருக்கிறது?' என்னும் வினாவே பொருத்தமற்றதாகத் தோன்றும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செரோட்டோனின் முதலில் மூளையிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1930களில் இத்தாலியின் பாவியா நகரிற் பணியாற்றிய விற்றோரியோ எர்ஸ்பாமர், குடலின் உட்சுவரிலுள்ள சில கலங்களிலிருந்து பெற்ற சாறு குடற்றசையைச் சுருங்கச் செய்வதைக் கண்டு, அதிலடங்கிய பதார்த்தத்துக்கு 'என்ரறமீன்' எனப் பெயரிட்டார். அதனோடு எவ்விதத் தொடர்புமின்றி, ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் ஏர்வின் பேஜ் தலைமையிலான குழுவினர் உயர் குருதியமுக்கத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். குருதி உறையும்போது வெளிப்பட்டுக் குருதிக்கலன்களைச் சுருக்கும் ஏதோவொரு பதார்த்தம் அவர்களது பரிசோதனைகளுக்குத் தொடர்ந்து இடையூறு விளைவித்தது. அவ்விடையூற்றை அகற்றும் பொருட்டே அதனைப் பிரித்தெடுக்க முற்பட்டனர். 1948 ஆம் ஆண்டில் மொறிஸ் ராப்போர்ட், ஆர்டா கிறீன், பேஜ் ஆகிய மூவரும் மாட்டுக் குருதியின் நீர்ப்பாயத்திலிருந்து அதனைப் பளிங்குருவிற் பெற்றனர். நீர்ப்பாயத்திற் கிடைத்து, கலன்களின் இறுக்கத்தைக் கூட்டுவதாகையால் அது செரோட்டோனின் எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் அதன் அமைப்பு 5-ஐதரொட்சிதிரிப்தமீன் என ராப்போர்ட் நிறுவினார். தமது என்ரறமீனும் இதுவே என்பதை 1952 இல் எர்ஸ்பாமர் அறிவித்தார்.

மனித உடலிலுள்ள செரோட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலானது இன்றும் குடலுக்கே உரியது. குருதியிற் செல்லும் பகுதி சிறுதட்டுக்களுள் அடங்கியிருக்கும். மூளையிலுள்ளது மிகச் சிறிய பங்கு. அதுவும் குடலிலிருந்து வந்ததன்று. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைச் செரோட்டோனின் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் திரிப்தோபன் என்னும் அமினோவமிலத்திலிருந்து தானே ஆக்கிக்கொள்கிறது. இவ்வாக்கத்தைத் தொடக்கிவைக்கும் நொதியம்கூடக் குடலில் ஒன்றும் மூளையிற் பிறிதொன்றுமாக, இருவேறு பரம்பரையலகுகளாற் தோன்றுவது என்பது 2003 இல் வெளிவந்த ஆய்வாற் தெளிவாயிற்று. வாழைப்பழத்திற் செரோட்டோனின் உண்டென்றும் அதனை உண்பதால் மனம் மகிழும் என்றும் சிலர் எழுதுவதுண்டு. பழத்திலே அது இருப்பது மெய். மூளையைச் சென்றடையாது என்பதும் மெய். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நீரிழிவு நோயாளியின் குருதியில் வெல்லத்தின் அளவு சோதிக்கப்பட்ட பின்னரே இன்சுலின் ஏற்றப்படுகிறது. மனச்சோர்வுக்கு மருந்து பெறும் எவருடைய மூளையிலும் செரோட்டோனின் அளக்கப்படுவதில்லை. அதற்கான வழக்கமான மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது. மேற்கூறிய உவமை இவ்விடத்திலேயே குலைந்துவிடுகிறது.

மூளையிலும் செரோட்டோனின் உண்டு என்ற செய்தி ஒரு சிப்பியினத்தின் வழியாக வந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த பெற்றி துவாரொக், ஓடுகளை நெடுநேரம் இறுக மூடிவைத்திருக்கும் கடற்சிப்பியொன்றின் தசையை ஆராய்ந்து, அத்தசையைத் தளரச் செய்யும் பதார்த்தம் செரோட்டோனினே எனக் கண்டார். முள்ளந்தண்டற்ற பிராணியொன்றின் நரம்புகள் பயன்படுத்தும் பதார்த்தத்தை முள்ளந்தண்டுளிகளின் நரம்புகளும் பயன்படுத்தக் கூடுமன்றோ என்பது அவரது ஊகம். கிளீவ்லாந்துக்குச் சென்று பேஜின் ஆய்வுகூடத்தில் அதனைச் சோதித்தார்; பாலூட்டிகளின் மூளையிற் செரோட்டோனின் உண்டென்ற முடிவு 1953 இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. செரோட்டோனினைப் பற்றிய பொது நூல்கள் பலவற்றில் துவாரொக்கின் பெயர் ஓரிரு சொற்களுடன் கடந்துவிடப்படுவது நியாயமன்று.

தசையைச் சுருக்குவது எனக் குடலிலும், தசையைத் தளர்த்துவது எனச் சிப்பியிலும் இனங்காணப்பட்ட ஒரே பதார்த்தம்! வாங்கி என்னும் கருத்தின் தேவை இம்முரண்பாட்டிலேயே அடங்கியுள்ளது. ஆயினும் அது உடனடியாக உணரப்படவில்லை. அக்கால ஆய்வாளர் கவனத்தை ஈர்த்தது எல்.எஸ்.டி. ஆகும். ஒரு கிராமின் பத்தாயிரத்திலொரு பங்களவே மனிதரின் புலனுணர்வைப் பல மணி நேரம் மாற்றவல்ல இச்சேர்வையின் விளைவு சுவிற்சலாந்தில் அல்பேட் ஹொஃப்மனால் 1943 இற் கண்டறியப்பட்டது. பத்தாண்டுகளின் பின்னர் எடின்பரோவில் ஜோன் காடம், தனித்தெடுத்த தசைகளிற் செரோட்டோனின் விளைவிக்கும் சுருக்கத்தை எல்.எஸ்.டி. தடுத்து நிறுத்துவதைக் கண்டார். நியூயோர்க்கில் வூலி, ஷோ ஆகியோரும் 1954 இல் இதனை வைத்து, மூளையிற் செரோட்டோனின் குழப்பமடைவதே சில உளநோய்களின் அடிப்படையாகலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். உளநோய் ஒன்றின் பின்னணியில் ஒற்றைப் பதார்த்தத்தின் குறைவையோ மிகையையோ தேடும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

காடமும் பிக்காரெல்லியும் 1957 இல் வெளியிட்ட ஆய்வு இம்மரபைவிடச் சிறிய ஆரவாரத்துடனேயே வந்தது. கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, செரோட்டோனின் சேர்த்து, அது சுருங்குவதை அளந்தனர். டைபென்சிலின் என்னும் மருந்து இச்சுருக்கத்தின் ஒரு பகுதியை மாத்திரமே தடுத்தது. எவ்வளவு கூட்டியும் எஞ்சிய பகுதி அசையவில்லை. மோபீன் சேர்த்தபோது எஞ்சியது மறைந்தது. மோபீனை மட்டும் இட்டால் முதற்பகுதி எஞ்சியது. எனவே ஒரே குடற்றுண்டில் ஒரே பதார்த்தத்தை எதிர்கொள்ளும் இருவகை வாங்கிகள் உள்ளன. ஒன்று தசையிலும் மற்றையது நரம்பிலும் அமைந்தன என அவர்கள் முடிவு செய்தனர். எளிய கருவிகளைக் கொண்டு இத்துணைத் தெளிவான முடிவை எட்டிய ஆய்வுகள் மருந்தியல் வரலாற்றில் மிகச் சிலவே.

இருவகை என்ற எண்ணிக்கை நிலைக்கவில்லை. 1979 இற் பெறுட்கா, சினைடர் ஆகியோர் கதிர்த்தொழிற்பாடுடைய சேர்வைகளை மூளை இழையத்துடன் பிணைத்து, மூளையிலும் குறைந்தது இருவகையான வாங்கிகள் உண்டெனக் காட்டினர். 1980களின் பிற்பகுதியிற் பரம்பரையலகுகளைப் பிரித்தெடுக்கும் நுட்பம் கைவந்ததும் வாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படலாயின. சில, எவரும் தேடாதவை. முதலிற் பரம்பரையலகு கிடைத்து, அது எதற்குரியது என்ற வினா பின்னர் எழுந்தது. 1994 இற் சீர்செய்யப்பட்ட வகைப்பாடு ஏழு குடும்பங்களையும் பதினான்கு இனங்களையும் கொண்டது. இவற்றுள் 5பி என்பது மனிதரிற் செயலற்றுப்போன பரம்பரையலகு. 1சி என ஒன்று முன்னர் இருந்தது. அதன் அமைப்பு இரண்டாங் குடும்பத்தைச் சார்ந்தது எனத் தெரிந்தபின் 2சி எனப் பெயர் மாற்றப்பட்டமையால், பட்டியலில் 1பிக்கும் 1டிக்கும் இடையே ஓரிடம் வெறுமையாகவே கிடக்கிறது. இக்குடும்பங்களுட் சில பழ ஈயிலும் காணப்படுவதால், அவை பூச்சிகளும் முள்ளந்தண்டுளிகளும் கிளைபிரியுமுன்னரே தோன்றியவை எனலாம்.

ஏழு குடும்பங்களுள் மூன்றாவது தனித்துவமானது. அது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடிக் கலமென்சவ்வின் ஊடே அமைத்த ஒரு வாயில். செரோட்டோனின் வந்து பொருந்தியதும் வாயில் திறந்து சோடியம் போன்ற அயன்கள் உட்புக, நரம்புக் கலம் உடனடியாகத் தூண்டப்படும். ஏனைய ஆறு குடும்பங்களும் வேறு பாணியில் இயங்குவன. புரதச் சங்கிலியொன்று மென்சவ்வை ஏழு முறை குறுக்கிட்டு ஊடுருவி நிற்கும். வெளிப்புறத்திற் செரோட்டோனின் பொருந்தியதும் சங்கிலியின் வடிவம் சற்று நெளிந்து, உட்புறத்திலுள்ள ஜீ-புரதம் எனப்படும் இடையாளைத் தட்டியெழுப்பும். இவ்விடையாட்கள் பலவகையினர். முதலாங் குடும்பத்தின் இடையாள் கலத்தின் தொழிற்பாட்டை அடக்குவது. இரண்டாங் குடும்பத்தினது கலத்தினுள்ளே கல்சியத்தை விடுவித்துத் தூண்டுவது. நான்கு, ஆறு, ஏழு ஆகிய குடும்பங்களினது வேறொரு வழியாற் கலத்தைக் கிளர்த்துவது. ஆகவே செரோட்டோனின் தூண்டும் பதார்த்தமா, அடக்கும் பதார்த்தமா என்று கேட்பதற்குப் பொருளில்லை. அதனை எதிர்கொள்ளும் கலம் எந்த வாங்கியை அணிந்திருக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கின்றது.

இங்கு கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் தகும். ஆங்கிலத்தில் ரிசெப்டர் எனப்படுவதை ஈழத்துப் பாடநூல்கள் 'வாங்கி' எனவும் தமிழகத்து நூல்கள் 'ஏற்பி' எனவும் வழங்குகின்றன. இரு சொற்களும் மூலச் சொல்லைப் போலவே, கொடுப்பதை வாளாது பெற்றுக்கொள்ளும் ஒன்றை நினைவூட்டுகின்றன. செரோட்டோனினைப் பொறுத்தவரை நிலைமை மறுதலையானது. அனுப்பப்படும் பதார்த்தம் எங்கும் ஒன்றே. அதற்குப் பொருள் கற்பிப்பது பெறும் பக்கம். வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை வாங்கி என்ற சொல்லையே கையாளுவோம்.

மூளையிற் செரோட்டோனினை ஆக்கும் கலங்கள் எங்குள்ளன என்பதை 1964 இற் சுவீடனைச் சேர்ந்த டால்ஸ்றோம், ஃபுக்சே ஆகிய இருவரும் கண்டனர். மூளை இழையத்தை ஃபோமல்டிகைட்டு ஆவியிற் பதப்படுத்தி நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது, செரோட்டோனின் உள்ள கலங்கள் மஞ்சள் நிறமாக ஒளிர்ந்தன. அவை மூளைத்தண்டின் நடுக்கோட்டை அண்டிய சிறு கூட்டங்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உண்டென மதிப்பிடப்பட்டுள்ளது. செரோட்டோனினை ஆக்குபவையோ சில இலட்சம் மாத்திரமே. ஆயினும் அவற்றின் கிளைகள் மூளைய மேற்பட்டை தொடக்கம் முண்ணாண் வரை பரவாத பகுதி இல்லை. பல இடங்களில் அவை குறித்தவொரு கலத்தை இலக்காகக் கொள்ளாது, சூழவுள்ள வெளியிலேயே செரோட்டோனினைச் சொரிகின்றன. கோயில் மணி ஒலித்தால் ஊர் முழுதும் கேட்கும். கேட்டவருள் ஒருவர் பூசைக்குப் புறப்படுவார், ஒருவர் உலையேற்றுவார், வேறொருவர் வயலிலிருந்து மாட்டை அவிழ்ப்பார். மணியோசை கூடிற்றா குறைந்ததா என்பதை மட்டும் அறிந்து அவ்வூரின் நிலையை எவரும் கூற முற்படார்.

ஒரே வாங்கியுங்கூட இடத்துக்கிடம் வேறுபட்ட பணியைச் செய்கிறது. இதற்கு 1ஏ வாங்கி நல்ல உதாரணம். நினைவுடனும் உணர்ச்சியுடனும் தொடர்புடைய பகுதிகளின் கலங்களில் இது அமைந்து அவற்றின் தொழிற்பாட்டைத் தணிக்கிறது. அதேவேளை செரோட்டோனினை ஆக்கும் மூளைத்தண்டுக் கலங்களின் மேலும் இது அமைந்துள்ளது. அக்கலங்கள் தாம் வெளிவிட்ட செரோட்டோனினைத் தாமே உணர்ந்து, அது கூடினாற் தமது கணத்தாக்கங்களைக் குறைத்துக்கொள்கின்றன. அதாவது இவ்வாங்கி ஓரிடத்திற் செய்தியைப் பெறுவது. மற்றோரிடத்திற் செய்தி அனுப்புபவரின் கடிவாளம். செரோட்டோனின் மீளுறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்ட சில மணி நேரத்திலேயே கலங்களுக்கு வெளியே செரோட்டோனின் கூடத் தொடங்கும். நோயாளி தேறுவதற்கோ பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். இவ்விடைவெளியை விளக்க முற்பட்டோர் கூறுவது இதுதான்: தொடக்கத்திற் கடிவாளம் இறுகுகிறது, நாட்செல்லச் செல்ல அதிலுள்ள 1ஏ வாங்கிகள் உணர்திறன் குன்றிக் கடிவாளம் நெகிழ்கிறது. இது முழுமையான விளக்கமன்று. எனினும் குறைவை நிரப்புதல் என்ற கருத்து இவ்விடைவெளியைச் சற்றேனும் விளக்காது என்பது கவனிக்கத்தக்கது.

எல்.எஸ்.டி. விடயத்துக்கு மீள்வோம். தசையிற் செரோட்டோனினைத் தடுத்த அது, மூளையின் மேற்பட்டையிலுள்ள 2ஏ வாங்கிகளை மறுதலையாகத் தூண்டுகிறது என்பதும், மாயக்காட்சிகள் தோன்றுவது இதன் வழியாகவே என்பதும் பின்னர் தெளிவாயின. ஒருவகைக் காளானிலிருந்து பெறப்படும் சிலோசைபின் என்னும் பதார்த்தத்தின் உளவிளைவை, 2ஏ வாங்கியை அடைத்துவிடும் மருந்தொன்றை முன்னரே கொடுப்பதாற் தடுக்கலாம் என்பது 1998 இல் மனிதரிலேயே காட்டப்பட்டது. 2017 இல் 2பி வாங்கியுடன் பிணைந்த நிலையில் எல்.எஸ்.டி.யின் உருவம் வெளியானபோது, வாங்கியின் ஒரு பகுதி மூடிபோல மேலே கவிந்து அதனை உள்ளே சிறைப்படுத்துவது தெரியவந்தது. சிறு அளவினது நெடுநேர விளைவுக்கு இது காரணமாகலாம். இவற்றினும் வியப்பானது லிசுறைட்டு என்னும் மருந்து. இதுவும் 2ஏ வாங்கியுடன் பிணைந்து அதனைத் தூண்டுவதே. ஆயின் மாயக்காட்சிகளைத் தோற்றுவிப்பதில்லை. ஒரே வாங்கி, தன்னைத் தொடும் மூலக்கூறு எது என்பதற்கேற்ப உட்புறத்தில் வெவ்வேறு வழிகளைத் திறக்கவல்லது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். 2சி வாங்கியோ மேலும் ஒருபடி சென்றுவிடுகிறது: அதன் பரம்பரையலகிலிருந்து படியெடுக்கப்பட்ட செய்தியின் ஐந்து இடங்களிற் கலம் தானே திருத்தம் செய்கிறது என்றும், திருத்தத்துக்கேற்ப வாங்கியின் உணர்திறன் மாறுகிறது என்றும் 1997 இல் அறியப்பட்டது. பரம்பரையலகை வாசித்தால் வாங்கியை அறிந்துவிடலாம் என்றிருந்த நம்பிக்கைக்கும் இவ்வாறு எல்லை வகுக்கப்பட்டது.

வாங்கிகளைப் பிரித்தறிந்ததால் மருத்துவம் பெற்ற நன்மை ஐயத்துக்கிடமற்றது. புற்றுநோய் மருந்துகளால் எழும் கடும் வாந்தியை அடக்கும் ஒன்டன்செற்றன் 3 ஆம் வாங்கியைத் தடுப்பது. ஒற்றைத் தலைவலிக்குரிய சுமற்றிப்தன் 1பி, 1டி வாங்கிகளைத் தூண்டுவது. இரண்டும் 1990களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தவை. பிரித்தறியாமையின் விலையும் ஏட்டில் உண்டு. உடற்பருமனைக் குறைக்க விற்கப்பட்ட ஃபென்புளூரமீன், இதய வால்வுகளிலுள்ள 2பி வாங்கிகளைத் தூண்டி வால்வுகளைத் தடிக்கச் செய்தமையால் 1997 இல் அதற்குரிய சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. பசியை அடக்குதற்கென மூளையை நோக்கி ஏவப்பட்ட மருந்து இதயத்திலே தைத்தது எனலாம்.

மனச்சோர்வு பற்றிய கருதுகோளுக்கு இனி வருவோம். அதன் வேரொன்று நமது மண்ணுக்குரியது. இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் சுதேச மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தது. சித்தப்பிரமைக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் அது பயன்படுவது குறித்துக் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931 இல் எழுதினர். அதன் செயலூக்கமுள்ள பகுதியான ரெசர்ப்பீன் 1952 இற் சுவிற்சலாந்தின் சீபா கம்பனியின் ஆய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்டது. 1955 இல் ஐக்கிய அமெரிக்காவிற் புறோடியும் சகாக்களும் ரெசர்ப்பீன் மூளையின் செரோட்டோனின் இருப்பை வெறுமையாக்குவதைக் கண்டனர். குருதியமுக்கத்துக்கு அம்மருந்தை உட்கொண்டோர் சிலர் மனச்சோர்வுற்றதாகவும் செய்திகள் வந்தன. இரண்டையும் பொருத்தி, செரோட்டோனின் குன்றினால் மனம் குன்றும் என முடிவு கட்டுவது இலகுவாயிற்று. ஆயின் அதே 1955 இல் இலண்டனில் டேவிஸ், ஷெப்பேட் ஆகியோர் நடத்திய கட்டுப்பாட்டுச் சோதனையில், பதகளிப்பும் மனச்சோர்வும் உற்ற நோயாளருக்கு ரெசர்ப்பீன் நன்மையே பயந்தது! அன்றியும் அது செரோட்டோனினை மட்டுமன்றி நோரதிரனலீன், தோபமீன் ஆகியவற்றையும் வெறுமையாக்குவது. ரெசர்ப்பீனால் அசைவற்றுக் கிடந்த பிராணிகளை எழுந்து நடமாடச் செய்தது தோபமீனின் முன்னோடிச் சேர்வையேயன்றிச் செரோட்டோனினினது அன்று என ஆர்விட் கார்ள்சன் 1957 இற் காட்டியிருந்தார். கருதுகோளுக்கு இசைந்த சான்று நினைவில் நின்றது. இசையாதது ஏட்டில் உறங்கியது.

1960களின் இறுதியில் உருப்பெற்ற இக்கருதுகோள் ஆய்வாளரிடையே என்றும் கருதுகோளாகவே இருந்தது. புளுவொக்செற்றின் 1987 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றதும், 1997 இன் பின்னர் அந்நாட்டிற் தொலைக்காட்சி மருந்து விளம்பரங்களுக்கான விதிகள் தளர்ந்ததும், அது முடிந்த உண்மையாகச் சந்தைக்கு வந்தது. தலைவலி அஸ்பிரினுக்குக் கட்டுப்படுவதால் அஸ்பிரின் குறைபாட்டினாலேயே தலைவலி வருகிறது என வாதிப்பதற்கும் இதற்கும் பெரும் வேறுபாடில்லை. உணவில் திரிப்தோபனை நீக்கி மூளையின் செரோட்டோனினைத் தற்காலிகமாகக் குறைத்த சோதனைகளில், நலமுள்ளோர் பொதுவாக மனச்சோர்வு அடையவில்லை. முன்னர் நோயுற்றுத் தேறியோர் சிலரே மீளவும் தளர்ந்தனர். செரோட்டோனினை அகற்றும் புரதத்தின் பரம்பரையலகு வேறுபாடு, வாழ்க்கைத் துன்பங்களோடு சேர்ந்து மனச்சோர்வை விளைவிக்கிறது என 2003 இல் வெளியான புகழ்பெற்ற முடிவு, மிகப் பெருந்தொகையினரைக் கொண்டு 2019 இற் செய்யப்பட்ட மீளாய்விற் தாக்குப்பிடிக்கவில்லை. 2022 இல் மொன்கிறீவும் பிறரும் இருக்கும் ஆய்வுகளை எல்லாம் தொகுத்து நோக்கி, குறைபாட்டுக் கருதுகோளுக்கு நிலையான சான்று இல்லை என்றனர். அவர்களது முறைகளை மறுத்தோரும் உளர். எனினும் மறுத்தோருட் பலர் எளிய குறைபாட்டுக் கொள்கையைத் தாம் என்றும் ஏற்றதில்லை என்றே தொடங்கினர். அவ்வாறாயின் அது பொதுமக்களுக்கு முப்பதாண்டுகள் போதிக்கப்பட்டதேன் என்ற வினா எஞ்சுகிறது.

இதிலிருந்து, மருந்துகளே பயனற்றவை என்ற முடிவுக்குத் தாவுதல் பிழையாகும். 522 சோதனைகளைத் தொகுத்து 2018 இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடிய பயனளித்தன. சராசரியான வேறுபாடு பெரிதன்று; ஆயின் கடும் மனச்சோர்விலிருந்து மீண்ட ஒருவருக்குச் சராசரியைப் பற்றிக் கவலையில்லை.

மூலக்கூற்று மட்டத்து விளக்கம் எங்கு முடிகிறது என்பதற்கு நமது நாட்டின் அனுபவம் ஒன்றையும் குறிப்பிடலாம். தற்கொலைக்கும் செரோட்டோனின் வாங்கிகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடி இறந்தோரின் மூளைகளில் மேலைநாட்டார் பல ஆய்வுகள் செய்துள்ளனர். முடிவுகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை. இலங்கையில் 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம், அடுத்த இருபதாண்டுகளில் மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. அதிற் பெரும் பங்கு கடும் நச்சுப் பீடைகொல்லிகளை 1995, 1998, 2008 ஆகிய ஆண்டுகளிலும் அவற்றை அடுத்தும் படிப்படியாகத் தடைசெய்தமைக்கே உரியது என ஆய்வாளர் கருதுகின்றனர். எவருடைய மூளையும் சோதிக்கப்படாமலே ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினர்.

அவ்வாறாயின் வாங்கிகளின் உயிரியல் சமூக வாழ்வுக்குப் புறம்பானதா? 1996 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் யே, ஃபிறிக், எட்வேட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அன்று என விடை தருகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட பிராணி நன்னீரில் வாழும் சிறு சிங்கிறால் இனம். இரு சிங்கிறால்களை ஒன்றாக விட்டாற் போரிட்டு, ஒன்று மேலாதிக்கம் பெற, மற்றையது அடங்கும். ஆபத்தின்போது வாலைச் சுழற்றித் தப்பச் செய்யும் பெரிய நரம்புக் கலமொன்று இவற்றில் உண்டு. அதன்மீது செரோட்டோனினை இட்டபோது, ஆதிக்கம் பெற்ற பிராணியில் அக்கலத்தின் துலங்கல் கூடியது. அடங்கிய பிராணியிற் குறைந்தது. பதார்த்தம் ஒன்று, அளவு ஒன்று, கலமும் ஒன்று, விளைவோ நேரெதிர். தெரிந்த வாங்கிகளைத் தூண்டும் மருந்துகளைக் கொண்டு சோதித்ததில், இரு பிராணிகளிலும் வாங்கிகளின் விகிதம் மாறியிருத்தலே காரணம் எனத் தோன்றியது. அடங்கிக் கிடந்த ஒன்றைத் தன்னினும் மெலிந்ததோடு சேர்த்துவிட்டு அது ஆதிக்கம் பெற்றதும், சில வாரங்களுள் அதன் கலமும் ஆதிக்கம் பெற்றவற்றினது போலத் துலங்கலாயிற்று. சிங்கிறாலைக் கொண்டு மனித சமூகத்துக்கு இலக்கணம் வகுப்போர் உளர். அது வீண் வேலை. இவ்வாய்விலிருந்து நாம் பெறக்கூடியது அடக்கமான, ஆயின் உறுதியான ஒரு செய்தி: வாழ்நிலை மாறும்போது வாங்கிகளும் மாறுகின்றன, இரசாயனம் காரணமாக மட்டுமன்றி விளைவாகவும் இருக்கலாம்.

வாங்கிகள் தம்மை மாற்றிக்கொள்வன என்பதற்கு நடைமுறை முக்கியத்துவமும் உண்டு. செரோட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் உட்கொள்பவரின் வாங்கிகள் கூடிய செரோட்டோனினுக்கு இசைவாகித் தம் தொகையையும் உணர்திறனையும் மாற்றியிருக்கும். குறைபாட்டுக் கொள்கை பொய்த்தது எனக் கேள்விப்பட்ட மாத்திரத்தில் மருந்தைத் திடீரென நிறுத்துவோர் தலைச்சுற்று, உறக்கமின்மை, பதகளிப்பு, உடலில் மின்பாய்வது போன்ற உணர்வு என்பவற்றுக்கு ஆளாகலாம். சிலரில் இவை வாரக்கணக்கில் நீடிக்கும். மருத்துவரின் மேற்பார்வையிற் சிறிது சிறிதாகவே அளவைக் குறைத்தல் வேண்டும். வாங்கிகள் பழைய நிலைக்கு மீள அவற்றுக்கும் காலம் தேவை.